விக்கப் போற வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

மஞ்சளை வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்த நேரம். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து காவல் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன். இப்போது சென்னையில் இருக்கிறான்.

"மாப்ள, எங்கப்பா ஊட்டை இந்தச் சித்திரையில குடுத்துறலாம்னு இருக்கறோம். நல்ல பெயிண்டரா ரெண்டு பேரச் சொல்லு. உள்ளுக்குப் பட்டி பாத்து எமல்ஷன் அடிச்சு, முன்னால கொஞ்சம் டைல்ஸ் ஒட்டிட்டா பளிச்சுன்னு ஆயிரும். பார்ட்டி வந்து பாத்த ஒடனே முடிஞ்சுரும்."

எனக்குத் தெரிந்த பெயிண்டர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் பெயரைச் சொல்லவில்லை. "ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த ரெண்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கு ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். இந்த வருஷம் இல்லாவிட்டாலும் அடுத்த வருஷம் நீங்களும் இதே போனை யாருக்காவது போடுவீர்கள்.

எங்கள் பக்கம் வீடு கைமாறுவதற்கு ஒரு பருவம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கிரயம் பேச மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு பார்க்க ஆள் வராது. தை பிறந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். தையில் நெல்லும் மாசி பங்குனியில் மஞ்சளும் காசாகும். மாரியம்மன் நோம்பிக்கு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வருவார்கள். கிடாவெட்டு முடிந்த மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து, "யாரு வந்து இருக்கப் போறா, வித்துறலாம்" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். வாங்குகிறவர்களுக்கும் அவசரம். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடி போயாக வேண்டும்.

சித்திரை, வைகாசியை நம் பெரியவர்கள் இளவேனில் என்றார்கள். வேம்பு பூத்திருக்கும். புங்க மரம் இளம்பச்சையாய்த் துளிர்த்து நிற்கும். சாயங்காலக் காற்று சுகமாய் இருக்கும். இந்த மாதத்தில் இடிந்த மாட்டுக் கொட்டகைகூட அழகாய்த்தான் தெரியும். மழை நின்று மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். சுவர் முழுக்கக் காய்ந்து கிடக்கும். எந்த ஓடு ஒழுகும், எந்த மூலையில் தண்ணீர் இறங்கும், எந்தச் சுவரில் ஓதம் ஏறும் என்று ஒன்றும் தெரியாது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே வெயில் பாதி வேலையை முடித்து வைத்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்கப் போகிற வீட்டைக் கூட்டுங்கள், கழுவுங்கள், ஒட்டடை அடியுங்கள், கெட்டதைச் சரி செய்யுங்கள். கெட்டதை மூடாதீர்கள். மூடுவதற்கு ஒரு லட்சம் ஆகும் என்றால், அதில் பாதியைச் செலவு பண்ணிச் சரி செய்யுங்கள். மீதிக் காசு இல்லையென்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அதற்குக் காசு ஆகாது.

மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் காங்கேயம் மாடுகளுக்குச் சந்தை கூடும். ஆடியில் அந்தியூரில். விற்கக் கொண்டு போகிற மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, புதுக் கயிறு போட்டுத்தான் கூட்டிப் போவோம். அதில் ஒரு தப்பும் இல்லை. பெண் பார்க்க வரும்போது வீட்டைக் கூட்டுவது மாதிரிதான் அது. ஆனால் கறவை மாட்டை விற்கிற சில பேர் இன்னொன்று செய்வார்கள். காலையில் பால் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி திரண்டு நிற்கும். பார்க்கிறவர் எட்டு லிட்டர் கறக்கும் என்று நினைத்து வாங்கிப் போவார். வீட்டுக்குப் போய் ரெண்டு நேரம் கறந்த பிறகுதான் நாலு லிட்டர் மாடு என்று தெரியும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், "ரெண்டு நேரம் கறந்து காட்டு, அப்புறம் வெல பேசலாம்" என்பார்கள்.

கொம்பு சீவுவது வேறு, கறக்காமல் விடுவது வேறு. வீட்டிலும் அப்படித்தான். வாசல் தெளித்துத் திண்ணையை மெழுகுவது கொம்பு சீவுகிற கணக்கு. ஓதம் ஏறின சுவருக்குப் பட்டி போடுவது கறக்காத மடிக் கணக்கு.

இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. கறக்காத மடியோடு ஒரு வீட்டை விற்றவன் நான்.

2022-ல் என் பெரியப்பா வீட்டை விற்றோம். பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு நாலு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. ஒன்றரை அடிச் சுவர், செங்கல்லும் மண் சாந்தும், மேலே சுண்ணாம்புக் காரை. ஆசாரத்தில் நின்றால் மே மாதத்திலும் விசிறி வேண்டாம். அண்ணன் சென்னையில் இருக்கிறார். அவர் காசு அனுப்பினார், நின்று வேலை வாங்கினது நான்.

அந்த வீட்டின் மேற்குச் சுவர் எனக்கு நன்றாகத் தெரியும். பெரியம்மா அந்தச் சுவரை ஒட்டி நெல் மூட்டை அடுக்க விட மாட்டார். "அந்தப் பக்கம் ஓதமடிக்கும், தள்ளி வைங்கடா" என்பார். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் எல்லாச் சுவருக்கும் வெள்ளையடிப்பார்கள். அடுத்த மழைக்கு அந்த ஒரு சுவரில் மட்டும் இடுப்பளவுக்குக் கறை ஏறி நிற்கும்.

காரணமும் தெரியும். சின்ன வயசில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போவோம். பிறகு தார் ரோடு போட்டார்கள். அதன் மேலேயே இன்னொரு தார் ரோடு. அப்புறம் கான்கிரீட். பழசைத் தோண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதில் இப்போது ஒரு படிதான் மிச்சம். மேற்குச் சந்தில் அதுவும் இல்லை. சந்து உயரமாகவும் வீட்டின் தரை பள்ளமாகவும் ஆகிவிட்டது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் சுவரோடு சுவராக நிற்கும். நகரத்திலும் இதே கதைதான் என்று கேள்விப்படுகிறேன்.

பெயிண்டர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்ணா, இந்த மேக்கால செவுரு உப்புப் பூத்திருக்குது. என்ன அடிச்சாலும் ஒரு மழைக்குத்தான் தாங்கும். என்ன பண்ணட்டும்?"

நான் சொன்னது இதுதான்: "பட்டி ரெண்டு கோட்டு சேத்திப் போட்டு மூடிரு. கை மாறுற வரைக்கும் நின்னாப் போதும்."

வெள்ளையாய், வழுவழுவென்று ஆகிவிட்டது. மொத்தச் செலவு 72,000. பெயிண்ட் அடிப்பதற்கு முன் புரோக்கர் பன்னிரண்டரை லட்சம் போகும் என்றிருந்தார். 14 லட்சத்துக்கு முடிந்தது. அண்ணனுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வாங்கினது திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிற ஓர் அம்மணியும் வேன் ஓட்டுகிற அவர் வீட்டுக்காரரும். பதினோரு வருஷம் வாடகை வீடு. நகையை அடமானம் வைத்து, அவர் அம்மா வீட்டில் கொஞ்சம் வாங்கி, பாக்கிக்குக் கடன். அந்த வருஷம் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 11. பத்திரச் செலவே ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஆனது அவர்களுக்கு. வீடு பார்க்க வந்த அன்றைக்கு அந்த அம்மணி மேற்குச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "வழுவழுன்னு இருக்குதுங்ணா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் பேசவில்லை.

ஐப்பசியில் ரெண்டாவது மழைக்கு வேலையைக் காட்டிவிட்டது. சுவர் அப்பளம் மாதிரி உப்பி, பட்டி பாளம் பாளமாக விழுந்தது. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூசணம். மாமியாருக்கு ஏற்கெனவே இழுப்பு. அவர் கட்டில் போட்டிருந்தது அந்தச் சுவர் ஓரமாகத்தான்.

அந்த அம்மணி எங்கள் தோட்டத்தில்தான் பால் வாங்குவார். ஒரு நாள் சாயங்காலம் சொம்பை வாங்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, ஒன்னு கேக்கட்டுங்களா? அந்த மேக்கால செவுரு முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சுங்களா? இல்ல, நாங்க குடி வந்தப்புறம் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா?"

சண்டைக்கு வந்திருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். பழைய வீடு, மழை அதிகம் என்று சொல்லியிருப்பேன். அவர் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு கேட்கிறார். என்ன சமாளிக்க?

"இல்ல அம்மணி, எங்க பெரியம்மா காலத்துலயே அப்படித்தான். தெரிஞ்சேதான் மூடச் சொன்னேன்" என்றேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை அவர். பாலை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து கடையில் பாக்கெட் பால் வாங்கினார்.

சரி, அந்தச் சுவரில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் உபயோகப்படும்.

பழைய மண் சாந்துச் சுவரும் சுண்ணாம்புக் காரையும் மூச்சு விடுகிற சாமான். அடியிலிருந்து ஈரம் ஏறினாலும் காரை வழியாக வெளியே ஆவியாகிப் போய்விடும். சுண்ணாம்பு என்பது சுட்ட கல். தண்ணீர் ஊற்றினால் கொதித்து வெந்து மாவாகும். சுவரில் அடித்த பிறகு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகும். ஆனாலும் பொடிக்கண்கள் அடைபடாது. எமல்ஷன் பெயிண்ட் அப்படியில்லை. அது பிளாஸ்டிக் தோல் மாதிரி. ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அல்லது இன்னும் மேலே ஏறி, பெயிண்ட் இல்லாத இடம் பார்த்து வெளியே வரும். கூடவே மண்ணில் இருக்கிற உப்பும் வரும். அந்த உப்புதான் பட்டியை உப்ப வைத்துத் தள்ளுகிறது. எங்கள் சுவரில் இடுப்பளவு நின்ற கறை, மூடின வருஷம் நெஞ்சளவுக்கு ஏறியிருந்தது. நான் மறைத்தது மட்டுமில்லை, கெடுத்தும் இருந்தேன்.

சுண்ணாம்பில் இன்னொரு நல்ல குணம் உண்டு. அது எதையும் மறைக்காது. வெள்ளையடித்த சுவரில் ஈரம் இருந்தால் அடுத்த மழைக்கே கறை எட்டிப் பார்க்கும். பெரியம்மா வருஷா வருஷம் வெள்ளையடித்தபோதும் அந்தச் சுவர் ஓதமடிக்கும் என்பது வீட்டுக்கு வந்து போகிற எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "வித்தது வித்தாச்சு. பழைய ஊடுன்னு தெரிஞ்சுதான வாங்குனாங்க?" என்றார். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம், பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு என்று. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு இருக்கிறது. சொத்தில் பெரிய குறை இருந்து, அது விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் மோசடி. வெறும் சுவராக விட்டிருந்தால் அவர்களே பார்த்திருப்பார்கள். பட்டி போட்டு மூடி, பார்க்க முடியாதபடி செய்தது நான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டு, "பாதி நான் தர்றேன், பாதி நீ போடு. நீதான மூடச் சொன்ன" என்றார். நியாயம்தான்.

2023 பங்குனியில் வேலை நடந்தது. ஊராட்சித் தலைவரிடம் சொல்லி, சந்தில் சுவர் ஓரமாகத் தரை மட்டத்துக்குக் கீழே வரைக்கும் மண்ணை வெட்டி எடுத்தோம். தண்ணீர் ஓடிப் போகச் சின்ன வாய்க்கால் கட்டினோம். உள்ளே நெஞ்சளவுக்குப் பட்டி, பெயிண்ட், இடையில் யாரோ பூசியிருந்த சிமெண்ட் எல்லாம் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் பக்கத்து ஊரில் ஒரே ஒருத்தர், எழுபது வயசு. ரெண்டு வாரம் சுண்ணாம்பை ஊறப் போட்டு, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேர்த்துக் காரை பூசினார். "ஒரு கோடை முழுக்க எதும் அடிக்காம உடுங்க, செவுரு காயட்டும்" என்றார். ஆவணியில்தான் வெள்ளையடித்தோம். மொத்தம் 46,000. விற்பதற்கு முன்னாலேயே இதைச் செய்து, மற்ற சுவர்களுக்கு வெள்ளையும் அடித்திருந்தால் 72,000-க்கு உள்ளேயே முடிந்திருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். "பெயிண்ட் அடிக்காத வீட்டை யார் வாங்குவாங்க? முதல் பார்வையில் பிடிக்க வேண்டாமா?" வேண்டும். பூட்டின வீட்டுக்குள் போகும்போது வௌவால் புழுக்கை நாற்றம் அடித்தால் வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார். நல்ல வீட்டை அழுக்காகக் காட்டி விலை குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. காசைப் போடுகிற வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

முதலில் கூரை. ஓட்டு வீடாக இருந்தால் ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றித் திருப்பி அடுக்குங்கள். ரீப்பரையும் கைமரத்தையும் கரையான் அரித்திருக்கிறதா என்று ஓடு இறக்கும்போதுதான் தெரியும். மேல் இருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்து தண்ணீர். உள்ளே வருகிற தண்ணீரும் வெளியே போகிற தண்ணீரும். வீட்டைச் சுற்றி மண் ஏறியிருந்தால் வெட்டுங்கள். சாக்கடைக்கு வாட்டம் இருக்கிறதா என்று ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். போர் இருந்தால் வைகாசியில் எத்தனை நேரம் ஓடும் என்று உண்மையைச் சொல்லுங்கள், தையில் ஓடுகிற கணக்கைச் சொல்லாதீர்கள்.

அதற்கப்புறம் கரண்ட் வயர். முப்பது வருஷத்து வயரின் மேல் புது சுவிட்ச் பெட்டி மாட்டினால் அதுவும் பட்டி போடுகிற வேலைதான்.

கடைசியில் வெள்ளை. பழைய காரைச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும். வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் உப்பும் நீலமும் சேர்த்து ரெண்டு தடவை அடித்தால் எமல்ஷனை விடக் குளிர்ச்சியாக இருக்கும். சிவப்புச் சிமெண்டுத் தரையை உடைத்து டைல்ஸ் போடாதீர்கள். கழுவித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, காகிதம். சுவரில் ஓதம் மாதிரி பத்திரத்திலும் ஓதம் உண்டு. நிறைய வீடு அப்பா பேரிலேயே, சில வீடு தாத்தா பேரிலேயே கிடக்கும். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சம்பாதித்த வீட்டில் அம்மாவுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது, அப்போது கல்யாணமாகாத மகள்களுக்கு. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. "அக்காவுக்குச் சீர் செஞ்சாச்சு, அவங்க எதும் கேக்க மாட்டாங்க" என்பது பத்திரப் பதிவு ஆபீசில் செல்லாது. வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். அக்காவின் மனத்தாங்கல் அதில் வராது. வாரிசுச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வருவார்கள் என்று உறுதியான பிறகு பெயிண்டரைக் கூப்பிடுங்கள். பெயிண்ட் காய ஒரு நாள் போதும். அக்கா தங்கச்சி சமாதானம் ஆக ரெண்டு நோம்பி ஆகும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 9. பத்து லட்சத்துக்குத் தொண்ணூறாயிரம். அவ்வளவு காசு கட்டிப் போகிற வீட்டை ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாதீர்கள். சித்திரையில் பிடித்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், மழைக்காலத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று. தெரு உயரமா, வீட்டுத் தரை உயரமா என்று பாருங்கள். தரையிலிருந்து மூன்று அடி வரைக்கும் சுவரை விரல் மடக்கித் தட்டுங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் கேளுங்கள். வீடு முழுக்கப் பழசாக இருந்து ஒரு சுவர் மட்டும் புதுசாய் மின்னினால் அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். நல்லவர் நகர்த்துவார். அவசரம் இல்லையென்றால் ஐப்பசியில் ஒரு தடவை குடையோடு வந்து பாருங்கள். ரெண்டு நேரம் கறந்து பார்க்கிற மாதிரிதான் அதுவும்.

"குறையைச் சொன்னால் விலை இறங்குமே?" இறங்கும். பெரியப்பா வீட்டுக்கு ஒன்றரை லட்சம் இறங்கியிருக்கும். நகரத்தில் விற்றுவிட்டால் வாங்கினவர் யார், நாம் யார். இங்கே அப்படியில்லை. நீங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவீர்கள். அந்த வீட்டுக்காரர்களைத் தினமும் பார்க்க வேண்டியது உங்கள் சித்தப்பா, உங்கள் தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரர். உங்கள் அப்பா பேரைச் சொல்லித்தான் அந்த வீட்டை இன்னும் ஐம்பது வருஷம் ஊரில் கூப்பிடுவார்கள். "இன்னார் ஊடு, மழைக்கு ஒழுகுமே, அந்த ஊடு" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன விலை என்று நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

ரெண்டு நாள் கழித்துச் சென்னைக்காரனைக் கூப்பிட்டேன். இத்தனையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முன்னால திண்ணைக்கு மட்டுமாவது பெயிண்ட் அடிச்சுக்கறேன்டா" என்றான். "அடிச்சுக்க, அது மொகங் கழுவுறது. சமையக்கட்டு மூலையில ஒழுகுமே, அது என்னாச்சு?" என்று கேட்டேன். "உனக்கு எப்படிடா தெரியும்?" என்றான். பத்தாவது பரீட்சைக்கு அவன் வீட்டில் உட்கார்ந்து படித்தபோது என் நோட்டு நனைந்தது அங்கேதான். ஓடு மாற்றுகிற ஆள் பேரையும் பெயிண்டர் பேரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். யாரை முதலில் கூப்பிடுகிறான் என்று பார்க்கலாம்.

பெரியப்பா வீட்டுச் சுவர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். போன ஐப்பசியில் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறை வந்தது. மழை விட்டு ரெண்டு வாரத்தில் காய்ந்துவிட்டது. முழுசாகச் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பட்டி. மாமியார் கட்டிலை கிழக்குச் சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அந்த அம்மணி மறுபடி எங்கள் தோட்டத்துக்கே பாலுக்கு வருகிறார். ஒரு லிட்டர். சொம்பை நீட்டும்போது இப்போதும் முதலில் அளவைத்தான் பார்ப்பார். பார்க்கட்டும்.